உருகும் பனி, பிடிபடாத கணக்கு

2007ஆம் ஆண்டு மே மாதம் ஜூலியன் ஸ்ட்ரோவும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1953 முதல் 2006 வரை, ஆர்க்டிக் பெருங்கடலின் செப்டம்பர் மாதப் பனி பத்தாண்டுக்கு 7.8 சதவீதம் வீதம் குறைந்திருந்தது. அதே காலத்துக்குக் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள் சொன்ன சராசரிக் குறைவோ வெறும் 2.5 சதவீதம். அந்த ஆய்வு வெளியான நான்கே மாதங்களில், செப்டம்பர் பனிப்பரவல் சுமார் 42 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிப் புதிய சாதனை படைத்தது. கணினி நத்தை வேகத்தில் போக, இயற்கை குதிரை வேகத்தில் ஓடியது.

மாதிரிகள் மந்தமானவை என்று தெரிந்ததும் சிலர் அவற்றை முந்திக்கொண்டு ஓடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை முதுகலைக் கல்லூரியின் வீஸ்லாவ் மஸ்லோவ்ஸ்கி, 2013 வாக்கிலேயே கோடைப்பனி இல்லாமல் போகலாம் என்றார். 2012 செப்டம்பரில் பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. இந்தியாவின் பரப்பளவைவிடச் சற்றே அதிகம். அப்போது கேம்பிரிட்ஜின் பீட்டர் வாதம்ஸ், 2015 அல்லது 2016இல் கதை முடிந்துவிடும் என்றார். இரண்டும் பொய்த்தன. 2012இன் சாதனை 2025 வரை முறியடிக்கப்படவே இல்லை.

தென் துருவத்தில் பிழை வேறு திசையில் நடந்தது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடல்பனி குறைந்துவர வேண்டும் என்று பெரும்பாலான மாதிரிகள் சொல்லிக்கொண்டிருக்க, அது மெல்லக் கூடிக்கொண்டே போய் 2014இல் உச்சம் தொட்டது. பிறகு திடீரென்று சரிந்தது. அந்தச் சரிவின் வேகத்தையும் மாதிரிகள் எதிர்பார்க்கவில்லை.

இவ்வளவு தடுமாறும் கருவியை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது சொல்லும் ஆண்டை அப்படியே நாட்காட்டியில் குறித்துவைப்பவர்களும் உண்டு. இரு தரப்பினரும் மாதிரியிடம் அதனால் சொல்ல முடியாததையே எதிர்பார்க்கிறார்கள். மாதிரி எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது, தவறினாலும் எதில் நம்பத்தக்கது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

அளவுகோலே ஆடுகிறது

ஒப்பிடுவதற்கு முன் எதை அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். நாளிதழ்களில் வரும் எண் பனியின் ‘பரவல்’. கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, 15 சதவீதத்துக்கு மேல் பனி இருக்கும் கட்டம் முழுவதையும் பனி என்று எண்ணுவது இதன் முறை. கட்டத்தில் பனி எவ்வளவு இருக்கிறதோ அதை மட்டும் கூட்டினால் கிடைப்பது ‘பரப்பு’. இரண்டும் ஒன்றல்ல. கட்டத்தின் அளவை மாற்றினால் பரவலும் மாறும். செயற்கைக்கோளின் கட்டமும் மாதிரியின் கட்டமும் வெவ்வேறு அளவுடையவை என்பதால், இந்தத் துறையினர் இப்போது பரப்பையே வைத்து ஒப்பிட விரும்புகிறார்கள்.

செயற்கைக்கோள் பனியை நேரடியாகப் பார்ப்பதும் இல்லை. கடலும் பனியும் வெளிவிடும் நுண்ணலைக் கதிர்வீச்சை அளந்து, அதிலிருந்து பனியின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். கோடையில் பனியின் மேல் உருகுநீர் தேங்கினால், கருவிக்கு அது திறந்த கடலாகவே தோன்றும். ஒரே தரவை இரண்டு கணக்கீட்டு முறைகளில் போட்டால் இரண்டு விடைகள் வருகின்றன. ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் நேர்ந்த சீரமைப்புப் பிழை அண்டார்க்டிகப் பனியின் போக்கையே பாதித்திருக்கலாம் என்று இயன் ஐசன்மன் குழு 2014இல் காட்டியது.

தடிமனின் கதை இன்னும் சிக்கல். பனிப்போர்க் காலத்தில் துருவக் கடலுக்கு அடியில் திரிந்த நீர்மூழ்கிகள் ஒலியலை கொண்டு எடுத்த அளவீடுகள்தான் நமக்குக் கிடைத்த பழைய ஆவணம். 1958–76 காலத்தில் கோடை முடிவில் சராசரியாக 3.1 மீட்டர் ஆழம் வரை நீருக்குள் அமிழ்ந்திருந்த பனி, 1990களில் 1.8 மீட்டருக்கு வந்துவிட்டது என்று அவற்றோடு பிந்தைய நீர்மூழ்கி அளவீடுகளை ஒப்பிட்டபோது தெரிந்தது. 2010இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2, பனி நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளக்கிறது. மேலே தெரிவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதில் சில சென்டிமீட்டர் பிழை வந்தால் தடிமனில் அது பன்மடங்காகும். மேலே படிந்த வெண்பனியின் எடை தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவும் முடியாது. அதற்கு வெகுகாலம் கைகொடுத்தவை சோவியத் ஒன்றியத்தின் மிதக்கும் நிலையங்களில் இருந்தவர்கள் அளந்து எழுதிவைத்த குறிப்புகளே.

ஆக, மாதிரி தேர்வு எழுதும்போது விடைத்தாளைத் திருத்துகிறவரிடமும் முழு விடை இல்லை.

பனி என்னும் பொருள்

கடல்பனியைக் கணிதத்தில் பிடிக்கும் முயற்சி ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசெப் ஸ்டெஃபானிடம் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், துருவப் பயணிகள் கொண்டுவந்த அளவீடுகளை வைத்து அவர் ஒரு விதியைக் கண்டார். குளிரின் மொத்த அளவு நான்கு மடங்கானால்தான் பனியின் தடிமன் இரண்டு மடங்காகும். ஏனென்றால் பனி வளர்வது அடியில். அங்கே விடுபடும் வெப்பம் மேலிருக்கும் பனியைக் கடந்துதான் காற்றில் கலக்க வேண்டும். பனி தடிக்கத் தடிக்க அதுவே தனக்குக் கம்பளியாகிறது. மெல்லிய பனி வேகமாக வளர்கிறது. தடித்த பனி மெதுவாக வளர்கிறது. இந்த எளிய உண்மை பின்னால் ஒரு பெரிய கேள்விக்கு விடையாகும்.

1971இல் கேரி மேகட்டும் நோர்பர்ட் அன்டர்ஸ்டைனரும் பனியின் வெப்பக் கணக்கை விரிவான மாதிரியாக்கினார்கள். கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில். உறையும்போது உப்பு முழுதும் வெளியேறாமல் சிறு சிறு உப்புநீர்ப் பைகளாகப் பனிக்குள் சிக்கிக்கொள்கிறது. வெப்பம் ஏறும்போது அந்தப் பைகள் விரிகின்றன. பனி முழுதாக உருகுவதற்கு முன்பே உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உருகிக்கொண்டிருக்கிறது. அன்றைய கணினிகளுக்கு இது பெரும் சுமை. 1976இல் ஆல்பர்ட் செம்ட்னர் இதைச் சுருக்கி, பனியை ஓரிரு அடுக்குகளாக்கி எளிய வடிவம் தந்தார். உலகக் காலநிலை மாதிரிகள் பல ஆண்டுகள் அந்தச் சுருக்கத்தையே நம்பியிருந்தன.

சுருக்கும்போது தொலைந்தவற்றில் முதன்மையானது கோடையின் உருகுநீர்க் குட்டை. வெண்பனி மூடிய பரப்பு தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். வெற்றுப் பனி 50 முதல் 70 சதவீதம் வரை அனுப்பும். திறந்த கடலோ ஏழு சதவீதத்தைக்கூடத் தாண்டாது. இவற்றுக்கு நடுவே நிற்கிறது குட்டை. சில மீட்டர் அகலமுள்ள அந்த நீலத் திட்டுகள் கோடையில் சமதளமான இளம்பனியின் பாதியைக்கூட மூடிவிடும். பனி கறுத்து, மேலும் வெயிலைக் குடிக்கும். ஆனால் மாதிரியின் ஒரு கட்டம் சுமார் நூறு கிலோமீட்டர். ஒரு மாவட்டத்தின் சராசரியை வைத்துக்கொண்டு அதிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் சொல்வது போன்ற வேலை இது. குட்டைகளின் பரவலைச் சூத்திரமாக்கிச் சேர்த்த மாதிரிகள் பிற்பாடுதான் வந்தன. 2014இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகக் குழு, மே மாதத்தில் குட்டைகள் எவ்வளவு உருவாகின்றன என்பதை வைத்தே செப்டம்பர் பனியை ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம் என்று காட்டியது. சிறியது என்று ஒதுக்கிய ஒன்றே முழுக்கணக்கின் சாவியாக இருந்தது.

வெண்பனியும் இப்படித்தான். அது வெப்பத்தைக் கடத்துவதில் பனியைவிட ஆறேழு மடங்கு மந்தம். மாதிரியில் பனிப்பொழிவு கொஞ்சம் கூடினால், குளிர்காலத்தில் கடல்பனி தடிக்காது. வசந்தத்தில் உருகத் தாமதமாகும். ஒரே பிழை இரு பருவங்களில் எதிரெதிராக வேலை செய்கிறது.

நிற்காத பனி

1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கிய ‘ஜீனெட்’ கப்பலின் மிச்சங்கள் சில ஆண்டுகள் கழித்து கிரீன்லாந்தின் கரையில் ஒதுங்கின. பனி ஆறுபோல் துருவத்தைக் கடந்து நகர்கிறது என்று ஊகித்தார் நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சென். 1893இல் ‘ஃப்ராம்’ என்ற கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துக் கப்பல் மறுபக்கம் வெளிவந்தது. காற்று வீசும் திசைக்கு வலப்புறமாக விலகியே பனி நகர்கிறது என்பதை அவர் பயணத்தில் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்துதான் கடலியலாளர் எக்மனின் கடல்நீரோட்டக் கோட்பாடு பிறந்தது. 2006 செப்டம்பரில் அதே பக்கத்தில் பனியில் சிக்கவைக்கப்பட்ட ‘தாரா’ என்ற பாய்மரக் கப்பல் சுமார் ஐந்நூறு நாட்களில் மறுகரை சேர்ந்துவிட்டது. பனி மெலிந்ததால் அதன் நடையும் வேகமாகியிருந்தது.

இந்த நடையை மாதிரிக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் ஹிப்ளர். 1979இல் அவர் கடல்பனியைக் கெட்டியான கூழ்போல் பாவித்தார்: மெல்ல அழுத்தினால் வழியும், ஓர் எல்லையைத் தாண்டினால் நொறுங்கி இளகும். இன்றைய மாதிரிகளில் பெரும்பாலானவை அந்தச் சூத்திரத்தையோ, 1997இல் எலிசபெத் ஹங்கியும் ஜான் டுகோவிச்சும் கணினிக்கு ஏற்பத் திருத்திய அதன் வடிவத்தையோதான் பயன்படுத்துகின்றன.

உண்மையான பனியோ கண்ணாடிபோல் உடைவது. சில மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை அகலமான வெடிப்புகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. குளிர்காலத்தில் அந்த வெடிப்புகளில்தான் கடலின் வெப்பம் குபுகுபுவென்று வெளியேறுகிறது. அங்கேயே புதுப்பனியும் பிறக்கிறது. பனிப்பாளங்கள் மோதுமிடத்தில் வரப்புபோல் மேடு எழுகிறது. அதன் அடிப்பகுதி நீருக்குள் பல மீட்டர் இறங்கியிருக்கும். ஹிப்ளரின் கூழில் வரப்பு எழாது, வெடிப்பு ஓடாது. சராசரியாக அவற்றின் விளைவு மட்டுமே தெரியும். பனியை உடையும் பொருளாகவே கொள்ளும் புதிய மாதிரிகளை பிரான்சிலும் நார்வேயிலும் உருவாக்கியிருக்கிறார்கள். வெடிப்புகளின் அமைப்பை அவை நன்றாகக் காட்டுகின்றன. ஆனால் நூறாண்டுக் காலநிலையை ஓட்டிப் பார்க்கும் உலக மாதிரிகளில் அவை இன்னும் பரவலாக இடம்பெறவில்லை.

மேலே மேகம், கீழே கடல்

பனி மாதிரியை எவ்வளவு செம்மையாக்கினாலும், அதற்கு மேலிருந்தும் கீழிருந்தும் வரும் வெப்பம் தவறாக இருந்தால் பயனில்லை. ஆர்க்டிக் மேகங்களில் உறைநிலைக்கு வெகு கீழேயும் உறையாத நீர்த்துளிகள் இருக்கும். அவை பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் மூடிக் காக்கும். மாதிரிகள் பல அந்தத் துளிகளைச் சீக்கிரமே பனித்துகளாக மாற்றிக் கீழே கொட்டிவிடுகின்றன. போர்வை மெலிகிறது, குளிர்காலம் மாறிப்போகிறது. தென் கடலில் இதே பிழை வேறு விதமாகப் பழிவாங்குகிறது. நீர்த்துளி குறைந்த மேகம் கோடை வெயிலைக் குறைவாகவே தடுக்கும். மாதிரியின் தென் கடல் அளவுக்கு மீறிச் சூடாகிறது; பனி தேய்ந்தே தொடங்குகிறது.

கடலின் கதை ஆழமானது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் இளஞ்சூட்டு உப்புநீர், ஆர்க்டிக்கின் மேற்பரப்புக்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழத்தில் பரவிக் கிடக்கிறது. அங்குள்ள வெப்பம் பனி முழுவதையும் உருக்கப் போதுமானது. அது மேலே வராமல் தடுப்பது உப்பு குறைந்த, எடை குறைந்த மேல்நீர்ப் படலம். பேரண்ட்ஸ் கடல் பக்கம் இந்தக் காப்பு தளர்ந்துவருகிறது. அட்லாண்டிக்கின் குணம் வடக்கே ஏறிவருவதை இகோர் பொல்யாகோவ் குழு 2017இல் விரிவாகப் பதிவு செய்தது. மாதிரிகளில் பலவற்றில் அட்லாண்டிக் நீர் இருக்க வேண்டிய ஆழத்தைவிடக் கீழே, அளவுக்கு மீறித் தடித்துக் கிடக்கிறது. துருவக் கடலின் சுழல்கள் சில கிலோமீட்டர் அளவே உடையவை. பேரிங் நீரிணையின் அகலமோ சுமார் 85 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் இவற்றை எங்கே அடக்குவது?

இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் 2019 செப்டம்பரில் ‘போலார்ஸ்டெர்ன்’ என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல், நான்சென் வழியிலேயே பனியில் உறைந்து ஓராண்டு மிதந்தது. மொசைக் என்று பெயரிட்ட அந்தப் பயணத்தில் இருபது நாடுகள் பங்கேற்றன. பனி, மேகம், வெண்பனி, கீழிருக்கும் நீர் அனைத்தையும் ஒரே இடத்தில் பருவம் முழுவதும் அளந்தார்கள். அந்தத் தரவுகள் மாதிரிகளுக்குள் செரிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

சுருதி சேர்ப்பதன் சங்கடம்

இத்தனை தெரியாதவை இருக்கும்போது, மாதிரியை உருவாக்குபவர்கள் சில எண்களைத் திருகி இயற்கையோடு சுருதி சேர்க்கிறார்கள். வெண்பனி எவ்வளவு ஒளியைத் திருப்ப வேண்டும் என்ற எண்ணைச் சற்றே ஏற்றினால், பனி நிற்கும், இறக்கினால் கரையும். எல்லாத் துறைகளிலும் நடக்கும் வேலைதான். இங்கே ஆபத்து, தவறான காரணத்தால் சரியான விடை வந்துவிடுவது.

எரிகா ரோசன்பிளமும் ஐசன்மனும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கடத்தை வெட்டவெளிச்சமாக்கியது. ஆர்க்டிக் பனி இழப்பை இயற்கையின் வேகத்திலேயே காட்டிய கணினி ஓட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் உலக வெப்பநிலை உண்மையைவிட அதிகமாக ஏறியிருந்தது. ஒரு டிகிரி வெப்பத்துக்கு இவ்வளவு பனி என்ற விகிதத்தில் பார்த்தால், மாதிரிகள் இன்னும் மந்தமே. வெப்பத்தில் செய்த பிழை, பனியில் செய்த பிழையை மூடிமறைத்திருந்தது.

இன்னொரு பாடம் 2022இல் வந்தது. ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மாதிரியின் புதிய பதிப்பு, அண்மைக் கால இழப்பை விரைவாகக் காட்டியது. காரணம் பனியில் இல்லை. காட்டுத்தீப் புகை பற்றிய உள்ளீட்டில் 1997க்குப் பிறகு செயற்கைக்கோள் தரவு சேர்க்கப்பட்டதால் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் திடீரென்று கூடியிருந்தது. அந்தக் குலுக்கலே மாதிரியின் பனியை உருக்கியது என்று பட்ரிசியா டிரெபன்டினி குழு கண்டுபிடித்தது. பனியின் பிழையைத் தேடிப்போனால் கடைசியில் காட்டுப்புகையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தற்செயலின் பங்கு

மாதிரியில் பிழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆண்டைச் சொல்ல முடியாது. கொலராடோவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் ஒரே மாதிரியை முதலில் முப்பது முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கக் காற்றுவெப்பத்தில் செய்த மாற்றம், ஒரு டிகிரியைக் கோடிக் கோடியில் ஒரு பங்காக்கிய அளவு. அதே விதிகள், அதே பசுங்குடில் வாயுக்கள். ஆனால் அலெக்ஸாண்ட்ரா யான் குழு 2016இல் கணக்கிட்டபடி, கோடைப்பனி முதன்முதலாக மறையும் ஆண்டு ஓட்டத்துக்கு ஓட்டம் சுமார் இருபது ஆண்டு இடைவெளியில் சிதறியது. காற்றும் கடலும் தமக்குள் ஆடும் ஊஞ்சல் அவ்வளவு பெரியது.

இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தொடக்கத்தில் சொன்ன புதிர்கள் பலவும் தளர்கின்றன. 2007இலும் 2012இலும் நேர்ந்த சரிவில் வாயுக்களின் பங்கோடு வானிலையின் தாறுமாறும் இருந்தது. 1979 முதலான கோடை இழப்பில் 30 முதல் 50 சதவீதம் வரை உள்ளார்ந்த ஏற்ற இறக்கத்தால் வந்திருக்கலாம் என்று சிங்ஹுவா டிங் குழு 2017இல் மதிப்பிட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளாகச் செப்டம்பர் பனி பெரிதாகக் குறையவில்லை என்று 2025இல் மார்க் இங்லண்ட் குழு சுட்டியது. இப்படிப்பட்ட நிறுத்தங்கள் மாதிரிகளிலும் அரிதல்ல என்றும் அதே ஆய்வு காட்டியது. நிறுத்தத்தை முன்வைத்துக் கொண்டாடுவோர் அதே வாதத்தை 2012இல் ஏற்றிருப்பார்களா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊஞ்சல் முன்னே போனால் பீதியும் பின்னே வந்தால் நிம்மதியும் கொள்பவர், கயிறு கட்டியிருக்கும் கிளை சாய்வதைக் கவனிக்கவில்லை. 1985 மார்ச்சில் ஆர்க்டிக் பனியில் மூன்றில் ஒரு பங்கு நான்கு வயதைத் தாண்டியது. இன்று அது ஐந்து சதவீதத்துக்கும் கீழே.

தெற்கின் புதிர்

வடக்கில் மாதிரிகளின் பிழை வேகத்தில். தெற்கில் பிழை திசையிலேயே. 2014 செப்டம்பரில் அண்டார்க்டிகக் கடல்பனி முதன்முறையாக 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2016இன் வசந்தத்தில் சரிவு தொடங்கியது. 2023 பிப்ரவரியில் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனது; அந்த ஆண்டின் குளிர்கால உச்சமே ஒரு கோடியே 70 லட்சத்தைத் தொடவில்லை. முந்தைய மிகக்குறைந்த உச்சத்தைவிட ஏறத்தாழ பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் குறைவு.

முன்பு கூடியதற்கு விளக்கங்கள் பல. ஓசோன் ஓட்டையால் வலுத்த மேலைக்காற்று, முதலில் குளிர்நீரை வடக்கே தள்ளிப் பனியை விரிக்கும். பல ஆண்டுகள் கழித்து ஆழத்திலிருந்து சூட்டை மேலே இழுத்து அதையே கரைக்கும் என்பது ஒரு விளக்கம். காற்றின் திசை மாற்றமே பனியை விரித்தது என்பது பால் ஹாலண்ட், ரான் குவோக் ஆகியோரின் 2012 ஆய்வு. கண்டத்துப் பனிப்படலம் உருகிக் கடலில் கலக்கும் நன்னீர், மேற்பரப்பைக் குளிர்வித்துப் பனியை வளர்த்தது என்பது மற்றொன்று. பெரும்பாலான உலக மாதிரிகளில் அந்தப் பனிப்படலம் அசையாத பாறைபோல் நிற்கிறது. அதன் உருகுநீர் கணக்கிலேயே இல்லை. தென் கடலுக்கு நிலம் எல்லை கட்டவில்லை. அலைகள் பனி விளிம்பை உடைத்துக்கொண்டே இருக்கின்றன. இவற்றில் எது எவ்வளவு என்று இன்னும் பிரிக்க முடியவில்லை. அதனால்தான் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு தன் 2021 அறிக்கையில், அண்டார்க்டிகக் கடல்பனியை மாதிரிகள் காட்டும் விதத்தின் மீது ‘குறைந்த நம்பிக்கை’ என்றே எழுதியது.

திரும்பாத எல்லை உண்டா?

பனி குறைந்தால் கடல் கறுக்கும்; கறுத்த கடல் மேலும் சூடாகும்; மேலும் பனி உருகும். ஆகவே ஓர் எல்லையைத் தாண்டினால் மீட்பே இல்லை என்ற அச்சம் வெகுநாளாக இருந்தது. 1969இல் காலநிலை ஆய்வாளர்கள் புடிகோவும் செல்லர்ஸும் எழுதிய எளிய மாதிரிகள் அதற்கு வலுச் சேர்த்தன. 2011இல் ஸ்டெஃபன் டீட்ஷே குழு ஒரு கொடூரமான சோதனை செய்தது. மாதிரிக்குள் ஜூலை முதல் நாளில் ஆர்க்டிக் பனி முழுவதையும் அழித்துவிட்டுக் காத்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் பனி பழைய போக்குக்குத் திரும்பிவிட்டது.

ஸ்டெஃபானின் பழைய விதிக்கு இங்கே வேலை வருகிறது. பனியற்ற கடல் குளிர்காலத்தில் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. மெல்லிய பனி வேகமாக வளர்கிறது. கோடை செய்த சேதத்தைக் குளிர்காலம் பெரிதும் ஈடுசெய்கிறது. கோடைப்பனியைப் பொறுத்தவரை மீள முடியாத பள்ளம் இல்லை என்பதே இன்றைய பெரும்பான்மை முடிவு. இதில் ஆறுதலும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன. பள்ளம் இல்லையென்றால், வெப்பம் எவ்வளவோ அவ்வளவு பனி போகும். வெப்பத்தை நிறுத்தினால் இழப்பும் நிற்கும்.

எதை நம்பலாம்?

2016இல் டிர்க் நோட்ஸும் ஸ்ட்ரோவும் பனியை ஆண்டுகளுக்கு எதிரே வைக்காமல், மனிதர் வெளியிட்ட கரியமில வாயுவின் மொத்த அளவுக்கு எதிரே வைத்துப் பார்த்தார்கள். புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் விழுந்தன. ஒரு டன் கரியமில வாயுவுக்கு மூன்று சதுர மீட்டர் செப்டம்பர் பனி. மாதிரிகளும் நேர்கோட்டையே காட்டுகின்றன. ஆனால் அவற்றின் சராசரிக் கோடு இயற்கையின் கோட்டைவிடச் சாய்வு குறைந்தது. அதாவது விதியில் ஒற்றுமை, விகிதத்தில் பிணக்கு. பிணக்கும் மாதிரிகள் பனியைக் காப்பாற்றும் பக்கமாகவே சாய்கிறது.

2020இல் நோட்ஸ் தலைமையில் ஏறத்தாழ நாற்பது புதிய மாதிரிகளை ஒப்பிட்டார்கள். இந்தியாவிலிருந்து முதன்முறையாக ஒரு மாதிரி, புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் உருவானது, கலந்துகொண்ட தலைமுறை அது. முடிவு தெளிவு: எந்தக் கரியமில வாயு வெளியீட்டுப் பாதையை எடுத்தாலும், பெரும்பாலான ஓட்டங்களில் 2050க்கு முன் ஒரு செப்டம்பராவது ‘பனியற்றதாகும்’. பனியற்றது என்றால் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே. எகிப்தைவிடச் சற்றே குறைந்த அளவு பனி இருந்தாலும் பனியற்றதுதான். கனடாவின் வடக்குத் தீவுகளிலும் கிரீன்லாந்தின் வடகரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த பனி கடைசிவரை நிற்கும் என்பதால் இந்த வரையறை. முதல் முறை எப்போது என்பது ஊஞ்சலின் கையில். ஆனால் அது ஓர் அதிசய ஆண்டாக முடியுமா, ஆண்டுதோறும் வழக்கமாகுமா என்பது நம் கையில். வெளியீட்டுப் பாதைகள் பிரியும் இடம் அதுவே.

ஆகவே என் தீர்ப்பு இது. எந்த ஆண்டு என்று கேட்பவருக்கு மாதிரி பதில் சொல்லாது. நாற்பது மாதிரிகள் சேர்ந்தாலும் சொல்லா. குட்டையையும் வெடிப்பையும் மேகத்தையும் செம்மையாகச் சேர்த்த பிறகும் அந்த இருபதாண்டு இடைவெளி அப்படியே இருக்கும். எத்தனை டன் என்று கேட்பவருக்கு மட்டுமே அதனிடம் விடை இருக்கிறது. உலகம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. டன்னுக்கு மூன்று சதுர மீட்டர்.